மெக்கானிக்குக்கும் ரேஞ்ச் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ராணுவத்தில் டெக்னிக்கல் பிரிவுக்குப் போகிறவனைத் துப்பாக்கி, வரைபடம், இரவு நடை என்று அலைக்கழிப்பது வீண், அந்த நேரத்தில் தொழிலைக் கற்றுக்கொடுக்கலாம் என்று ஒரு வாதம் உண்டு. வடசென்னையில் ஐ.டி.ஐ. முடித்து அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் பலர் இதை நம்புகிறார்கள். இந்த எண்ணம் உயிருக்கே உலை வைக்கும்.

2003 மார்ச் 23 அன்று இராக்கின் நசிரியாவில் அமெரிக்காவின் 507ஆவது பராமரிப்பு கம்பெனி வழி தவறி ஊருக்குள் நுழைந்தது. அதில் இருந்தவர்கள் மெக்கானிக்குகள், சப்ளை ஆட்கள், சமையல்காரர்கள். 11 பேர் மாண்டார்கள். துப்பாக்கிகள் பல இடையிலேயே மக்கர் செய்தன. பாலைவனத்தில் சரியாகப் பராமரிக்காதது காரணமாக இருக்கலாம் என்றது ராணுவ விசாரணை. துடைக்காமல் விட்டால் மட்டுமல்ல, எண்ணெயை அள்ளிப் பூசினாலும் இதே கதிதான். மணல் ஒட்டிக் குழம்பாகி, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் வேகத்தைக் குறைத்துவிடும். இதற்கு நேர்மாறு 1944 பிப்ரவரி, பர்மாவின் அரக்கான் போர்முனை. ஜப்பானியர் வளைத்த ‘அட்மின் பாக்ஸ்’ என்ற பிரிட்டிஷ்-இந்தியப் படையின் நிர்வாக முகாம் இரண்டரை வாரம் தாக்குப்பிடித்ததில் குமாஸ்தாக்களுக்கும் டிரைவர்களுக்கும் கோவேறு கழுதை ஓட்டிகளுக்கும் பெரும் பங்குண்டு.

களப்பயிற்சியை ஆண்டுக்கொரு முறை சடங்காக நடத்தினால் பயனில்லை. ஆயுத அறையில் கைக்குக் கிடைத்த ரைபிளோடு, சுட்டுப் பழகும் திடலான ரேஞ்சுக்குப் போகிறான் தொழில்காரன். அதன் ஜீரோ, அதாவது குறி பார்க்கும் இடத்திலேயே குண்டு விழும்படி செய்த சரிக்கட்டல், வேறொருவர் கண்ணுக்கு வைத்தது. குண்டுகள் நெருக்கமாகவே விழும், ஆனால் ஒரு சாண் தள்ளி. தனக்குச் சுட வராது என்று முடிவு கட்டிவிடுகிறான். ரைபிளின் அடிக்கட்டையில் உள்ள பட் எண்ணைக் குறித்து ஆளுக்கொரு ரைபிள் ஒதுக்க வேண்டும். முதல் 5 ரவுண்டு ஜீரோவுக்கு மட்டும். குண்டு இடப்பக்கம் விழுந்தால் குழல் முனையில் உள்ள முன்குறியையும் இடப்பக்கமே நகர்த்தி, மறுபடி 5 சுட வேண்டும்.

மற்றதைத் தொழிலோடு சேர்த்தே பழக்கலாம். வண்டி ஒயரிங்கை இரவில், சிவப்பு விளக்கில் சரிசெய்யச் சொல்லுங்கள். அந்த வெளிச்சத்தில் சிவப்பு ஒயரும் வெள்ளை ஒயரும் ஒன்றுபோலத் தெரியும். மாற்றிப் பூட்டினால் ஃபியூஸ் போகும், சில சமயம் ஹார்னஸ் எனும் ஒயர் கட்டே கருகும். கழற்றும் முன்பே முனைகளில் ஒன்று, இரண்டு, மூன்று என நூல் முடிச்சுப் போட்டால் விரலால் தடவியே பூட்டலாம். ரத்தப்போக்கை நிறுத்தக் கை, காலில் இறுக்கும் டூர்னிகெட் பட்டையும் அப்படித்தான். காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டைத் தவிர்த்து, ரத்தம் நிற்கும்வரை திருக வேண்டும். கட்டிய நேரத்தை எழுத வேண்டும். அரைகுறையாக இறுக்கினால் சிரை மட்டும் அடைபட்டுத் தமனி ஓடிக்கொண்டிருக்கும், ரத்தப்போக்கு அதிகமாகும்.

தொழிலுக்கு நேரம் போதவில்லை என்ற புகார் மட்டும் நியாயம். ஆனால் அதைத் தின்பது ரேஞ்ச் அல்ல. புல் வெட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு, விழாவுக்குப் பந்தல் ஆகியவையே. அக்னிவீரின் 4 ஆண்டில் பயிற்சிக் காலமும் அடக்கம். ரேடியோ மெக்கானிக் சில மாதம் சாலிடரிங் அயர்னைத் தொடாவிட்டால் கை தடுமாறும். குறைக்க வேண்டியது அந்த எடுபிடி வேலையை.

இங்குள்ள மைதானங்களில் 1.6 கி.மீ. ஓட்டமும் புல்-அப்ஸும்தான் நடக்கின்றன, மதிப்பெண் அதற்குத்தானே! உள்ளே போனால் ரைபிளும் மூட்டையுமாக 5 கி.மீ. ஓட வேண்டும், மெக்கானிக்கும்தான். தேர்வானவர்கள் 5 கிலோ பையோடு நடக்கத் தொடங்கி, வாரத்துக்கு ஒரு கிலோ ஏற்றட்டும். கால் பழகும்வரை பாரத்தோடு ஓட வேண்டாம்.

- முன்னாள் இ.எம்.இ. (ராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவு) பணியாளர்கள் சிலர்,
வியாசர்பாடி, சென்னை-39