ஃபிட்ஸ் வராத நாளிலும் ஏன் மறக்கிறது

கண்ணா,

ஃபிட்ஸ் நின்று பல மாதமாகியும் படித்தது மனதில் நிற்கவில்லை, தெரிந்த பெயர்கூட வாயில் வரமாட்டேன் என்கிறது என்றாய். அதற்காக உன்னை நீயே மந்தம் என்று திட்டிக்கொள்ளாதே.

ஃபிட்ஸ் வராத நேரத்திலும் மூளையில் ஒரு கூட்டம் நரம்பணுக்கள் சட்டென்று ஒன்றாகச் சேர்ந்து மின்சாரத்தைக் கொட்டிவிடும். தலையில் கம்பி ஒட்டி மூளையின் மின்சாரத்தைக் கோடாகப் பதியும் ஈஈஜி சோதனையில் ஊசிமுனை மாதிரி எழும்பும் கோடு அதுதான், ஸ்பைக் என்பார்கள். 20 முதல் 70 மில்லிசெகண்ட்தான். ஆனால் பின்னாலேயே ஒரு மெதுவான அலை வரும். அது ஓயும்வரை அந்த இடத்து அணுக்கள் அடங்கிக் கிடக்கும். ஒன்றைக் கேட்டுப் பதித்துக்கொள்ளும் அதே கணத்தில் இது வந்தால் பதிவு அறுந்துவிடலாம். பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

1984-இல் ஆர்ட்ஸ், பின்னி முதலான ஆய்வாளர்கள் ஈஈஜி ஓடும்போதே நோயாளிகளுக்கு நினைவுச் சோதனை வைத்தார்கள். இடப்பக்கம் ஸ்பைக் வந்தபோது சொற்களில் தவறு கூடியது, வலப்பக்கம் வந்தபோது சொல் சாராத சோதனையில். உனக்குப் பிரச்சினை இடது டெம்போரல் லோபில், அதாவது இடது காதுப் பக்கத்து மூளைப் பகுதியில். பெயர்கள் நழுவுவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆழ்ந்த தூக்கத்தில் ஸ்பைக் அதிகமாகும். பகலில் படித்ததை மூளை கெட்டிப்படுத்துவதும் அப்போதுதான். அதனால் அடுத்த முறை போகும்போது தூங்கவைத்து ஈஈஜி எடுக்கலாமா என்று கேள், நினைவாற்றல் சோதனையும் கேள். ராத்திரி கண்விழித்துப் படிக்கவே படிக்காதே. தூக்கம் கெட்டால் ஸ்பைக்கும் கூடலாம், ஃபிட்ஸும் திரும்பலாம்.

எல்லாப் பழியையும் ஸ்பைக் மேல் போடவும் முடியாது. ஃபிட்ஸுக்கு நீ சாப்பிடும் டோபிரமேட் மருந்தே சொல் தேடித் தடுமாற வைக்கலாம், டோஸ் கூடக் கூட அதிகமாக. எந்தத் தேதியில் டோஸ் ஏற்றினார்கள், மறதி எப்போது கூடியது என்று அருகருகே எழுதி டாக்டரிடம் காட்டு. நீயாகக் குறைக்காதே, திடீரென்று நிறுத்தினால் ஃபிட்ஸ் விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஈஈஜியில் ஸ்பைக் தெரிகிறது என்பதற்காக மட்டும் டாக்டர்கள் பெரும்பாலும் மருந்தை ஏற்றமாட்டார்கள். ஏற்றினால் மந்தம் இன்னும் கூடலாம், அதனால் ஏற்றாமல் விடுவது சரியான யோசனைதான்.

வகுப்பைப் போனில் பதிவு செய். அரைமணி படி, மூடிவைத்துவிட்டுச் சொல்லிப் பார், மறுநாள் காலையில் திரும்பவும் சொல்லிப் பார்.

ஒன்றை மட்டும் அசட்டையாக விடாதே. நீ வெறித்துப் பார்த்தபடி நின்று, உதட்டைச் சப்புக்கொட்டி, ஒரு நிமிடம் கழித்து எதுவும் ஞாபகம் இல்லை என்றால் அது மறதி இல்லை, சின்ன ஃபிட்ஸாகவே இருக்கலாம். அறையில் இருக்கும் பையனிடம் சொல்லிவை, அப்படி நடந்தால் போனில் வீடியோ எடுக்கட்டும். டாக்டருக்கு அது பெரிய உதவி.

அம்மா