மறுநாளேயா?

ஆசிரியர் அவர்கட்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த கிழக்கு ஜேர்மனிப் பயணக் கட்டுரையில் ஒரு வரி: ‘சுவர் விழுந்த மறுநாளே மேற்கின் பணம் வந்து, ஓட்டை உடைசலாகக் கிடந்த ரயில் பாதைகளையெல்லாம் புதிதாக்கிவிட்டது.’ தேநீரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தரம் வாசித்தேன். மறுநாளேயா ஐயா?

1991ல் கிழக்கையும் மேற்கையும் இணைக்க 17 போக்குவரத்துத் திட்டங்களை அரசு அறிவித்தது. அதில் எட்டாவதான பெர்லின் – மியூனிக் அதிவேகப் பாதை முழுதாகத் திறந்தது 2017 டிசம்பரில். நடுவில் 1999ல் பணமில்லை என்று துரிங்கியா மலைப் பகுதி வேலையையே நிறுத்தி வைத்தார்கள். 1989ல் பெர்லின் சுவர் விழுந்ததிலிருந்து கணக்குப் போட்டால் 28 வருடம். சுவர் நின்றதும் அதே 28 வருடம்தான். உங்கள் கட்டுரையாளருக்கு இது மறுநாள்.

நான் 1984 கடைசியில் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியவன். கிழக்கில் இறங்கி, ஃப்ரீட்ரிக்ஷ்ட்ராஸ நிலையம் வழியாக மேற்குக்குப் போவதுதான் அப்போது எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரிந்த வழி. அந்தக் கிழக்கு ரயிலில்தான் இந்த நாட்டை முதலில் பார்த்தேன். இருக்கை மரப்பலகை, வெளியே நிலக்கரிப் புகை. ஆனால் ரயில் நேரத்துக்கு வந்தது. பாதைகள் நன்றாக இருந்தன என்று சொல்லவில்லை. பல இடங்களில் ஒற்றைத் தண்டவாளம்தான். போர் முடிந்ததும் இரண்டாவது தண்டவாளத்தை நட்டஈடு என்று சோவியத் கழற்றிக்கொண்டு போனது. இதையெல்லாம் ‘ஓட்டை உடைசல்’ என்ற இரண்டே சொல்லில் அடைத்துவிட்டீர்கள்.

சரி, ‘மேற்கின் பணம்’ என்கிறீர்களே. 1991ல் வந்த ஒற்றுமை வரியை (இங்கே ‘ஸோலி’ என்போம்) கிழக்கில் வேலை செய்தவர்களும்தான் கட்டினார்கள். உணவகச் சமையலறையில் நின்ற எனக்கும் சம்பளச் சீட்டில் அந்த வரி கழிந்தது. கட்டுரையாளர் யாரைக் கேட்டு எழுதினார்?

டிராமையும் சொல்லவேண்டும். மேற்கு பெர்லின்காரர் நவீனமாகிறோம் என்று 1967க்குள் டிராமை ஒழித்துக் கட்டினார்கள். கிழக்கு விடாமல் வைத்திருந்தது. 1995ல் அதே டிராம் போர்ன்ஹோல்மர் பாலம் தாண்டி மேற்கே வந்தது. இது எந்தக் கணக்கில் சேரும்?

அப்புறம் கெம்னிட்ஸ். கிழக்கில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வாழும் நகரம். 2006லிருந்து 2022 வரை அங்கே அரசு ரயில் நிறுவனத்தின் ஒரு தொலைதூர ரயிலும் போகவில்லை. என் மகள் அங்கே படித்தது அந்தக் காலத்தில். லைப்சிக்கில் மாறி, டீசல் ரயிலில் ஏறி, நடுவழியில் எதிர் ரயிலுக்காகக் காத்துக் கிடப்பேன். மடியில் அவளுக்குக் கொண்டுபோன கத்தரிக்காய்க் குழம்பு டப்பா. ஒருநாள் ஐம்பது நிமிடம் நின்றது. ஏன் என்று சொல்ல ஒரு ஆள் வரவில்லை. அந்த பெர்லின் – மியூனிக் புதிய பாதை திறந்ததும், கிழக்கிலுள்ள யேனா நகரம் தன் அதிவேக ரயில்களை இழந்தது. வேகம் கூடியது உண்மைதான், நானும் மியூனிக்குக்கு நாலு மணி நேரத்தில் போய் வந்திருக்கிறேன். ஆனால் ரயில் நிற்காத ஊரில் இருப்பவன் அந்த வேகத்தை வைத்து என்ன செய்வது?

இரண்டு வருடம் முன்பு நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, கடைசி வரியை மட்டும் பெரிதாகப் போட்டீர்கள். ‘ஜேர்மனி’ என்று நான் எழுதியதை ‘ஜெர்மனி’ ஆக்கினீர்கள். பொறுத்துக்கொண்டேன். ஆசிரியர் என்றால் ஆயிரம் வேலை இருக்கும்.

இப்போது கேட்பது ஒன்றே ஒன்று. கட்டுரையோடு வந்த படத்தின் கீழே ‘புதிதாகக் கட்டப்பட்ட லைப்சிக் ரயில் நிலையம்’ என்று இருக்கிறது. அந்த நிலையம் 1915ல் கட்டி முடித்தது. 1997ல் உள்ளே வந்தது கடைத்தொகுதி. அடுத்த இதழில் ஒரு ஓரமாகவாவது திருத்தம் போடுங்கள். கட்டுரையைத் திருத்தச் சொல்லி உங்களைச் சிரமப்படுத்த மாட்டேன்.

அடுத்த வருடச் சந்தாவைப் போன வாரமே அனுப்பிவிட்டேன். கட்டுரையை வாசிக்கும் முன்பு.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
பெர்லின்