பில்லைப் பார்த்தேன் அம்மா

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பயணப்படி பில்லின் படம் நேற்று ராத்திரி வந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கி முழுவதும் பார்த்துவிட்டேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் தேதி. 2018-க்கு முன்னால் பில் கொடுக்க ஒரு வருஷம் டைம் இருந்தது, இப்போது பயணம் முடிந்த நாளிலிருந்து 60 நாள்தான். பணியிட மாறுதலுக்கும் அதேதான், பயிற்சிக்கும் அதேதான். வகுப்பு, பரீட்சை என்று தள்ளிப்போடாதே.

பயிற்சி 180 நாளுக்கு மேல் போனால் ஆபீஸ் டூர் கணக்கா, மாறுதல் கணக்கா என்று நாம்தான் சொல்ல வேண்டும். டூர் என்றால் 180 நாள் வரைக்கும் தினப்படி, அதற்கப்புறம் கிடையாது. மாறுதல் என்றால் குடும்பத்துக்கு டிக்கெட், சாமான் ஏற்றும் கூலி, மாறுதல் மானியமாக அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம். நீ மாறுதல் கணக்கை எடுத்திருக்கிறாய். ஓராண்டுப் பயிற்சி, பாப்பாவும் கூட இருக்கிறாள், அது தப்பில்லை. டெல்லி பக்கத்துப் பரீதாபாத் நிதி மேலாண்மை நிறுவனத்துக்கு என் பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள் என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், உங்கம்மா திட்டுகிறாள்.

சாமான் பட்டியலையும் பார்த்தேன். உன் சம்பள லெவலுக்கு 6,000 கிலோ வரை அனுமதி உண்டு, எடையில் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு வருஷத்துக்குப் போகிறவள் கிரைண்டர், தையல் மிஷின், கல்யாணத்துக்கு நாங்கள் கொடுத்த பீரோ எல்லாவற்றையுமா ஏற்றுவாள்? லாஸ்பேட்டை வீட்டில் இப்போது என்னதான் மிச்சம் இருக்கிறது? லாரி கிளம்பின அப்புறம்தான் எங்களுக்கே தெரியும். நாங்கள் இருக்கும் முத்தியால்பேட்டை என்ன தூரமா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

லாரி ரசீதில் கார்பன் மங்கிப்போய் எடையும் வண்டி நம்பரும் தெரியவில்லை. தணிக்கையில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். டிரான்ஸ்போர்ட்டில் கேட்டு இன்னொரு நகல் வாங்கிவிடு. 60 நாளுக்குள், மறந்துவிடாதே.

அப்புறம் படிவத்தில் குடும்ப உறுப்பினர் பெயர் எழுதும் பத்தி. மாப்பிள்ளை பெயரை எழுதி, அதன்மேல் கோடு போட்டிருக்கிறாய். ஒரு கோடு இல்லை, ரெண்டு கோடு, ரெண்டாவது கோட்டில் பேனா அழுந்தித் தாள் கிழிந்திருக்கிறது. பில்லில் அடித்தல் இருந்தால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அது உனக்குத் தெரியும். அவர் உன்னோடு பயணம் செய்யவில்லை, டிக்கெட் இல்லாதவருக்குக் காசு கேட்க முடியாது, அதுவும் சரிதான். ஆனால் குடும்பம் பின்னால் வரவும் விதியில் இடம் இருக்கிறது. ஆறு மாசத்துக்குள் வந்து சேர்ந்தால் கூட வந்தது மாதிரிதான், அவர் டிக்கெட்டுக்கும் பணம் வரும். நீ ஆகஸ்டு முதல் வாரத்தில் சேர்ந்தாய், பொங்கலுக்கு அவர் வந்தால்கூடக் கணக்குக்குள்தான் வருகிறது. அதனால் படிவத்தைப் புதிதாக எழுது, கிழிந்த தாளைக் கொடுக்காதே. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் குடும்பத்து பில்லைச் சரிபார்த்தவன் நான். எந்தப் பத்தியைப் பார்த்தும் இப்படி ராத்திரி தூக்கம் கெட்டதில்லை.

என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் நீ சொல்லமாட்டாய், சின்ன வயசிலிருந்தே உனக்கு அந்தப் பிடிவாதம் உண்டு, அந்தப் பிடிவாதத்தில்தான் இத்தனை தூரம் படித்து மேலே வந்தாய். பணம்தான் விஷயம் என்றால் சொல், என் பென்ஷன் இருக்கிறது. வேறு ஏதாவது என்றாலும் சொல். அங்கே குளிர் ஆரம்பித்துவிடும், பாப்பாவுக்கு ஸ்வெட்டர் வாங்கிவிடு.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை இங்கே சாப்பிட வருகிறார். புதுச்சேரியிலிருந்து டெல்லி ரயில் வாரத்துக்கு ஒன்றுதான், பொங்கல் சமயத்தில் இடம் கிடைக்காது. டிக்கெட் போடச் சொல்லட்டுமா வேண்டாமா? அதை மட்டும் சனிக்கிழமைக்குள் எழுது.

அப்பா