பராமரிப்புக்கும் அட்டவணையில் இடம் வேண்டும்: பட்டறை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பட்டறை உரிமையாளர்களுக்கும் உற்பத்தி மேலாளர்களுக்கும் வணக்கம்.

கணினிக் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் சிஎன்சி மெஷின்களைப் பராமரிப்பது என் வேலை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். உற்பத்தி அட்டவணை போடும்போதே பராமரிப்பு நேரத்தையும் அதில் எழுதிவிடுங்கள். 'வேலை குறைவான நாளில் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒதுக்கிவைத்தால் அந்த நாள் வருவதில்லை. கடைசியில் எப்போது நிற்பது என்பதை மெஷினே முடிவு செய்துகொள்கிறது, அதுவும் ஆர்டர் அனுப்பவேண்டிய வாரத்தில்.

பல பட்டறைகளில் மெஷின் பக்கத்திலேயே செக்லிஸ்ட் தொங்குகிறது. மாதம் முழுவதும் ஒரே பேனாவில் டிக் விழுந்திருப்பதைக் கண்டால் ஆபரேட்டரைத் திட்டாதீர்கள். ஷிப்ட் மாறியதுமே முதல் பீஸ் இறங்கவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அவர் எந்த நேரத்தில் ஆயிலைப் பார்ப்பார்?

ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நகரும் பாகங்களுக்கு ஆயில் அனுப்பும் லூப் டேங்கில் அளவு இறங்கினால் அலாரம் அடிக்கும், யாராவது ஊற்றிவிடுவார்கள். டேங்க் நாள்கணக்கில் குறையாமலே இருந்தால்தான் எனக்குப் பயம். பம்ப் வேலை செய்யவில்லை, அல்லது பில்டர் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். பழைய மெஷின்கள் பலவற்றில் இதற்கு அலாரமே கிடையாது. ஒரு அச்சுக்கு, அதாவது மெஷின் நகரும் ஒரு திசைக்கு, போகும் குழாய் மட்டும் அடைத்திருந்தால் டேங்கைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டுவிட்டு, கவரைக் கழற்றி, பாகம் சறுக்கி நகரும் ஸ்லைடிலும், அதை நகர்த்தும் திருகான பால் ஸ்க்ரூவிலும் ஆயில் படலம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டும். ஷிப்டுக்கு நடுவே அவசரமாகச் செய்கிற காரியம் அல்ல இது. ஆயில் இல்லாமல் ஓடிய பால் ஸ்க்ரூ உடனே நின்றுவிடாது. முதலில் அளவு சில மைக்ரான் தள்ளும், ஆபரேட்டர் ஆப்செட் (அளவுத் திருத்தம்) கொடுத்துச் சமாளிப்பார். பிறகு வட்டமாக வெட்டவேண்டிய இடம் வட்டமாக வராது. அதற்குள் தேய்மானம் முற்றியிருக்கும்.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். பல மெஷின்கள் கேட்பது 68 தர ஸ்லைடுவே ஆயில். ஹைட்ராலிக் ஆயிலிலும் 68 உண்டு என்பதால் ஸ்டோரில் இருப்பதை ஊற்றிவிடுகிறார்கள். அந்த எண் ஆயிலின் பிசுக்குத்தன்மையை மட்டுமே சொல்கிறது. ஸ்லைடு மெதுவாக நகரும்போது சிக்கிச் சிக்கி நகராமல் இருக்கும்படி ஸ்லைடுவே ஆயிலில் தனிச் சேர்மானம் இருக்கிறது. ஸ்டோரில் இரண்டு டின்னையும் தனித்தனியாக வைக்கச் சொல்லுங்கள்.

வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் விஷயத்தில் ஒரு கருவி வாங்கிக் கொடுத்தாலே பாதி வேலை முடியும். அது ரெப்ராக்டோமீட்டர். அதில் காட்டும் அளவை கூலன்ட் தயாரிப்பாளர் கொடுத்த எண்ணால் பெருக்கினால் செறிவு கிடைக்கும். நீரில் கரையும் வகைக்குப் பொதுவாக 5 முதல் 10 சதவீதம். குறைந்தால் துரு, பாக்டீரியா, டூல் தேய்மானம். கூடினால் ஆபரேட்டரின் கைத்தோலில் எரிச்சல். டேங்க் இறங்கும்போதெல்லாம் வெறும் தண்ணீரை விடவேண்டாம், கலந்த கூலன்ட்டையே விடவேண்டும். கலக்கும்போது தண்ணீரில்தான் கூலன்ட் ஆயிலை ஊற்றவேண்டும், அந்த ஆயிலில் தண்ணீரை அல்ல. விடுமுறை முடிந்து வருகிற அன்று மூக்கைத் துளைக்கும் நாற்றம், மெஷினிலிருந்து கசிந்து கூலன்ட் மேலே மிதக்கும் ஆயிலை யாரும் அகற்றவில்லை என்பதற்குச் சாட்சி. அந்தக் காற்றைத்தான் நம் ஆட்கள் எட்டு மணி நேரம் சுவாசிக்கிறார்கள்.

ஏர் கன்னை ஸ்லைடு ஓரத்திலும் சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் மூக்கிலும் பிடிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பளிச்சென்று சுத்தமானதுபோல் தெரியும், ஆனால் பொடிச் சீவல் ஸ்லைடைத் துடைக்கும் வைப்பருக்குள்ளும் பேரிங் பக்கமும் போய் உட்காரும். பிரஷ்ஷும் துணியும் போதும்.

பேட்டரியை மறக்கவேண்டாம். பல மெஷின்களில் பாராமீட்டர் என்னும் அமைப்பு எண்களையும் அச்சுகளின் ஜீரோ நிலையையும் பேட்டரிதான் காப்பாற்றுகிறது. எச்சரிக்கை வந்த அன்றே மாற்றுங்கள். கையேடு வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், மெஷின் ஆனில் இருக்கும்போதே, தெரிந்தவர் கையால் மாற்றவேண்டும். பாராமீட்டர் நகல் ஒன்று மெஷினுக்கு வெளியேயும் இருக்கட்டும். மின் கேபினட் சூடாகிறதென்று கதவைத் திறந்துவைத்து மின்விசிறி வைப்பதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. ஆயில் புகையும் உலோகப் பொடியும் நேரே மோட்டார்களை இயக்கும் டிரைவ் போர்டுகளில் படிகின்றன. பில்டரைச் சுத்தம் செய்து, நின்றுபோன விசிறியை மாற்றினாலே பெரும்பாலும் சூடு தணியும்.

ஆளைக் காக்கிற பாகங்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் வரவேண்டும். லேத்தில் பீஸைப் பிடிக்கும் சக்கில் கிரீஸ் வறண்டால், பிரஷர் கேஜ் சரியாகக் காட்டினாலும் அதன் பிடிவாயான ஜா பிடிக்கும் விசை குறைந்துவிடும். கதவுக் கண்ணாடி என்று நாம் சொல்லும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக், கூலன்ட் பட்டுப் பட்டு வருடங்களில் வலுவிழக்கும். சக்கிலிருந்து தெறிக்கும் பீஸை அதுதான் தடுக்கவேண்டும். விரிசலோ மங்கலோ தெரிந்தால் காத்திருக்காமல் மாற்றுங்கள். கதவு திறந்திருந்தால் மெஷினை ஓடவிடாத இன்டர்லாக்கை பைபாஸ் செய்ய யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.

நான் கேட்பது ஷிப்ட் தொடக்கத்தில் 15 நிமிடம், வாரத்தில் ஒரு மணி நேரம், மாதத்தில் மெஷினுக்கு அரை நாள். மெஷின் கையேட்டைப் பார்த்து இதைக் கூட்டலாம், குறைக்கலாம். 'சத்தம் மாறியிருக்கிறது, நிறுத்துகிறேன்' என்று சொல்கிற ஆபரேட்டரின் பீஸ் இலக்கிலிருந்து அந்த நேரத்துக்கு உரியதைக் கழித்துவிடுங்கள், இன்சென்டிவில் கைவைக்கவேண்டாம். அடுத்த மாத அட்டவணை தயாராகும்போது ஒவ்வொரு மெஷினுக்கும் அந்த அரை நாளை முதலில் குறித்துவிட்டு, மிச்ச நேரத்தில் ஆர்டர்களை நிரப்புங்கள்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவன்