முதலில் உனக்காக உட்கார்

அன்புள்ள தம்பிக்கு,

அவள் உன்னை விட்டுப் போன பிறகு நீ எழுதிய மெயிலைப் படித்தேன். அம்மாவும் படித்தாள். "அவளை மறக்கத்தான் தியானம் ஆரம்பித்தேன், கண்ணை மூடினாலே அவள் முகம்தான் வருகிறது, இதற்கும் நான் லாயக்கில்லை போலிருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மறப்பதற்குத் தியானம் உதவாது, தம்பி. பகல் முழுக்க வேலை, பேச்சு, போன் என்று எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கிறோம். அதையெல்லாம் விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தால், மனதில் எது பெரிதாக இருக்கிறதோ அதுதான் முன்னால் வந்து நிற்கும். உனக்கு இப்போது அவள். முகம் வந்தது, வந்ததை நீ பார்த்தாய். அவ்வளவு செய்தாலே தியானம் நடந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் உள்ள இரண்டு அம்புகள் உவமையை நீ கேள்விப்பட்டிருப்பாய். ஒரு அம்பு பாய்கிறது, அந்த வலிக்காகப் புலம்பும்போது மனதில் இரண்டாவது அம்பும் பாய்கிறது. பிரிவு வலிப்பது முதல் அம்பு. "என்னிடம் ஏதோ குறை, அதனால்தான் விட்டுப் போனாள்" என்று நீ உன்னையே குத்திக்கொள்வது இரண்டாவது. இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அதே உரையில் அடுத்து வருவதுதான் உனக்கு இன்னும் தேவை என்று எனக்குப் படுகிறது. வேதனையிலிருந்து வெளியே வர வேறு வழி தெரியாதவன், புலன் இன்பத்தைத் தேடிப் போகிறான் என்கிறார் புத்தர். நடுராத்திரியில் பழைய போட்டோக்களைத் தோண்டுவது, அவள் கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தாள் என்று பார்ப்பது, அவசர அவசரமாக இன்னொரு உறவைத் தேடுவது எல்லாம் அந்த ஓட்டம்தான். ஒரு நொடி இதமாக இருக்கிறது, அதனால் கை தானாகப் போகிறது. போனால் உன்னைத் திட்டிக்கொள்ளாதே. வலி தாங்காமல் கை போகிறது என்று மட்டும் தெரிந்துகொள். அப்படித் தெரிந்த அடுத்த கணத்தில், பல நேரம், கையைத் திருப்பி எடுத்துவிடலாம்.

உட்காரும்போது அவள் நினைவு வந்தால் கதையின் பின்னால் போகாமல் உடம்புக்கு வா. நெஞ்சில் பாரமா, தொண்டை அடைக்கிறதா, வயிறு இறுகுகிறதா? எங்கே இருக்கிறதோ அங்கேயே சில மூச்சு நேரம் இரு. "ஏக்கம்", "கோபம்", "பயம்" என்று மெதுவாகப் பெயர் சொல்லலாம். கொஞ்ச நேரம் பார்த்தால் அது கூடும், குறையும், இடம் மாறும். அழுகை வந்தால் அழு. 15 நிமிடம் போதும். தாங்க முடியவில்லையா, கண்ணைத் திற, எழுந்து நட. பாதம் தரையில் படுவதைக் கவனித்து நடப்பதும் தியானம்தான்.

அப்புறம், அவளுக்கு அன்பு அனுப்பும் மைத்ரி தியானம் செய்து பார்த்து இன்னும் மோசமாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். தப்பு உன் மேல் இல்லை, வரிசைதான் மாறிவிட்டது. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் விசுத்திமார்க்கம் என்ற பௌத்தப் பயிற்சி நூலை எழுதிய புத்தகோசர் (காஞ்சியிலும் தங்கியிருந்தவர்) இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். மிகவும் பிரியமானவர் மேலும் பகையானவர் மேலும் மைத்ரியைத் தொடங்காதே, முதலில் உன்னிடமிருந்து தொடங்கு என்கிறார். அதற்கு ஒரு சம்பவமும் சொல்கிறார். யார் மேல் மைத்ரி பழக வேண்டும் என்று ஒருவன் ஒரு தேரரை (மூத்த பிக்குவை) கேட்டானாம். பிரியமானவர் மேல் என்று அவர் சொல்ல, அவனுக்குப் பிரியமானவள் மனைவிதான். அவளை நினைத்துப் பழகப் போய், ராத்திரி முழுக்கச் சுவரோடு சண்டை போட்டானாம். உன் மெயிலைப் படித்ததும் எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது. அன்பும் ஆசையும் பின்னிக் கிடக்கிற இடத்தில் ஆரம்பித்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். உனக்கு இப்போது அவள் மிகவும் பிரியமானவள், ஒருவகையில் பகையும்கூட. அவளுக்கான முறை அப்புறம் வரட்டும்.

தன்னிடமிருந்து தொடங்குவது சுயநலம் மாதிரித் தோன்றுகிறதா? புத்தர் காலத்துக் கோசல நாட்டு ராஜா பசேனதி, தன் ராணி மல்லிகாவிடம், "உன்னைவிடப் பிரியமானவர் உனக்கு யாராவது உண்டா?" என்று கேட்டார். "இல்லை" என்றாள் அவள். ராஜாவுக்கும் யோசித்தால் அதே பதில்தான். அவர் போய்ச் சொன்னபோது புத்தர் அவளைக் குறை சொல்லவில்லை. எல்லாத் திசையும் தேடினாலும் தன்னைவிடப் பிரியமானவரைக் காண முடியாது, மற்றவர்களுக்கும் அப்படித்தான், ஆகவே தன்னை நேசிப்பவன் பிறரைத் துன்புறுத்த மாட்டான் என்றார். புத்தகோசரும் இந்த இடத்தில் இதே வாக்கைத்தான் எடுத்துக்காட்டுகிறார்.

அதனால் "நான் நலமாக இருக்கட்டும், துன்பமின்றி இருக்கட்டும்" என்று உனக்கே சொல்லிக்கொள். முதலில் வெறும் வார்த்தையாக இருக்கும், இருக்கட்டும். திருந்தி நல்லவனாகப் போகிற யாரோ ஒருவனுக்கு அதைச் சொல்லாதே. பதில் வராத மெசேஜை விடாமல் அனுப்பியவன், கெஞ்சியவன், கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டு வெட்கப்படுகிறவன், அவனுக்குச் சொல். நீ அவளைக் காயப்படுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் பார். உன்னை அடித்துக்கொண்டே பார்த்தால் சரியாகத் தெரியாது.

அடுத்த மாதமே கோயங்கா மரபின் 10 நாள் விபாசனா தியான முகாமுக்குப் போகட்டுமா என்று கேட்டாய். நல்ல பயிற்சிதான். ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் 10 மணி நேரம் உட்கார வேண்டும், கடைசி நாள் வரை சக மாணவர்களோடு பேசக்கூடாது. சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல் இருக்கிற இந்த நேரத்தில் வேண்டாம் என்பது என் எண்ணம். தூக்கமின்மை நீடித்தாலோ, வாழ வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தாலோ உடனே டாக்டரைப் பார், எங்களிடமும் சொல். தியானம் அதற்கு மாற்று இல்லை.

மணிமேகலையில் மாதவி, கோவலன் இறந்த பிறகு பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் போய்க் காலில் விழுந்து, நடந்ததை வாய்விட்டுச் சொன்னாள். துறவு அவள் எடுத்த வழி. நீ அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் இங்கே உன் பேச்சைக் கேட்க இரண்டு பேர் இருக்கிறோம். அவள் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதாக அம்மாவுக்குத் தோன்றுகிறது. அப்படி ஒன்றும் இல்லை. இன்று ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா