வரம்பு குறிக்கப்படாத உலோகம்: உணவுப் பாதுகாப்பு ஆணையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மாட்டிறைச்சியின் தரத்தைக் கண்காணிக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2008-ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து சென்ற மாட்டிறைச்சிச் சரக்கு ஒன்றில், தன் வரம்பைத் தாண்டிய அளவு செம்பு இருப்பதாகக் கூறி மெக்சிகோ அதனை ஏற்க மறுத்தது. அமெரிக்காவிலோ இறைச்சியில் செம்புக்கு வரம்பே குறிக்கப்பட்டிருக்கவில்லை. எனவே, அயல்நாடு ஒதுக்கிய அந்த இறைச்சியை உள்நாட்டில் விற்பதைத் தடுக்க அங்கிருந்த ஆய்வுத் துறைக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போயிற்று. அந்நாட்டு வேளாண்மைத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகமே 2010-இல் வெளியிட்ட அறிக்கையில் இதைச் சுட்டிக்காட்டியது. ஆய்வகம் இருந்தும், எந்த அளவுக்கு மேல் போனால் சரக்கை நிறுத்திவைக்கலாம் என்ற எண் சட்டத்தில் இல்லையென்றால் ஆய்வாளரின் கை கட்டப்பட்டுவிடுகிறது என்பதையே முதலில் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

செம்பாவது சிறிதளவில் உடலுக்குத் தேவைப்படுகிறது. ஈயம், காட்மியம் என்ற நச்சு உலோகங்களுக்கோ உடலில் எந்த வேலையும் இல்லை.

ஈயம் மாட்டுக்குள் போகும் வழி மிகச் சாதாரணமானது. மேய்ச்சல் நிலத்தில் எறியப்பட்ட பழைய பேட்டரி உடைந்து கிடக்கும். எதையும் நக்கிப் பார்க்கும் இயல்புள்ள கன்று அதையும் நக்கும். விழுங்கிய துண்டு இரைப்பையின் அறைகளில் ஒன்றில் தங்கி, அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, வாரக்கணக்கில் இரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். பார்வை மங்கி, பல்லை நறநறவெனக் கடித்துச் சாகும் கன்றை எவரும் கவனிப்பார்கள். அதே மந்தையில் எந்த நோய்க்குறியும் காட்டாமல், இரத்தத்தில் ஈயத்தோடு நிற்கும் மற்ற மாடுகளே என் கவலை, ஏனெனில் அவைதாம் இறைச்சிக்கூடத்துக்கு வந்து சேர்கின்றன. தீவனமும் இதற்கு விலக்கல்ல: 1989-இல் ஈயம் கலந்த தீவனம் இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் பல பண்ணைகளுக்குப் போய்விட்டது.

காட்மியம் வருவது மண் வழியாக. பாஸ்பேட் உரத்திலும் கழிவுநீர்ச் சேற்றிலும் இருந்து நிலத்துக்கும், அங்கிருந்து புல்லுக்கும், மேயும்போது வாயில் ஒட்டும் மண்ணோடு மாட்டுக்கும் வந்து, சிறுநீரகத்தில் ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. வெட்டிய சிறுநீரகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஆய்வாளருக்கு நிறத்திலோ மணத்திலோ எந்த வேறுபாடும் தெரியாது. வேகவைத்தாலும் உலோகம் அழியாது. மனித உடலிலும் அது போய்த் தங்கும் இடம் சிறுநீரகமே. அங்கிருந்து பாதியளவு வெளியேறுவதற்கே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகின்றன.

மாட்டிறைச்சியைக் கைவிடச் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. தசை இறைச்சியில் இந்த உலோகங்கள் பொதுவாகக் குறைவு. காட்மியம் மக்கள் உடலுக்குள் நுழையும் பெரிய வழி தானியங்களும் காய்கறிகளுமே. ஆனால் உறுப்பு இறைச்சியின் கணக்கு வேறு. ஐரோப்பிய ஒன்றியம் காட்மியத்துக்கு ஒரு கிலோ மாட்டுத் தசையில் 0.05 மில்லிகிராம், கல்லீரலில் 0.5, சிறுநீரகத்தில் 1 மில்லிகிராம் என வரம்பு வைத்திருக்கிறது. இருபது மடங்கு வேறுபாடுள்ள பொருள்களை 'மாட்டிறைச்சி' என்ற ஒரே தலைப்பில் சேர்த்துச் சராசரி சொல்வது, ஈரலையும் சிறுநீரகத்தையும் விரும்பி உண்பவர்களை மறைத்துவிடுகிறது. ஈயத்தின் நிலையோ இன்னும் கடுமை. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, வாரத்துக்கு உடல் எடை கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் வரை தாங்கலாம் என்ற தன் பழைய வரம்பை, அது பாதுகாப்பானதல்ல என்று கண்டு 2010-இல் விலக்கிக்கொண்டது. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது. அந்த இழப்பைப் பின்னர் மீட்க முடியாது.

எனவே, தசை, கல்லீரல், சிறுநீரகம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பைச் சட்டத்தில் எழுதுங்கள். வயது முதிர்ந்த மாடுகளின் சிறுநீரகத்தைக் கூடுதலாகச் சோதியுங்கள். வரம்பு மீறிய மாதிரி கிடைத்தால், அந்த மாடு மேய்ந்த நிலம் வரை, தின்ற தீவனம் வரை தேடிப் போங்கள். அதே மந்தையின் மற்ற மாடுகளுக்கு இரத்தச் சோதனை முடியும்வரை அவற்றை வெட்ட அனுமதிக்காதீர்கள். முடிவுகளை ஆண்டுதோறும் உறுப்பு வாரியாக வெளியிடுங்கள்.

ஒன்றை மட்டும் தனியே வலியுறுத்துகிறேன். தன் மந்தையில் ஈய நஞ்சு கண்ட பண்ணையாளர் தாமாக முன்வந்து தெரிவித்தால், நிறுத்திவைக்கப்படும் மாடுகளுக்கு இழப்பீடு கிடைக்க வழிசெய்யுங்கள். அது இல்லாவிட்டால், நட்டத்துக்கு அஞ்சி அவர் வாய் திறக்கமாட்டார். அந்த மாடுகள் சோதனைக்கு வராமலே விற்பனைக்குப் போய்விடும்.

இப்படிக்கு,
இந்த இறைச்சியைத் தன் பிள்ளைகளுக்கும் சமைத்துத் தரும் ஒருவர்