அந்தப் பொடியை வாங்காதே

அன்புள்ள கமலா,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. பேத்திக்கு முடி இறக்கியது, மாடி ஒழுகுவது என்று நான்கு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் ஓரத்தில் நெருக்கி அண்ணனைப் பற்றி, உன் வீட்டுக்காரரின் குடியைப் பற்றி, எழுதியிருக்கிறாய். விடுதியிலும் உன் வழக்கம் இதுதான். முக்கியமானதை வாசற்படி தாண்டும்போதுதான் சொல்வாய். நான் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சாம்பாரில் கலந்து கொடுத்தால் அவருக்கே தெரியாமல் குடி நின்றுவிடும் என்று யாரோ சொன்ன பொடியை வாங்காதே. வாங்கியிருந்தால் கொட்டிவிடு. டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்டு, மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பதுதான். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் நோயாளிக்குத் தெரியாமல் அதைக் கொடுக்கவே கூடாது. பெயரில்லாத பொடியில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது?

குலதெய்வத்தின் முன் நிறுத்தி, அன்றோடு விடச் சொல்லிச் சத்தியம் வாங்குவதையும் இப்போது தள்ளி வை. காலையிலேயே கை நடுங்குகிறது என்கிறாய். அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் இல்லாத உருவங்கள் தெரிவதும் தொடங்கலாம். முதல் சில நாட்கள் மருத்துவர் கண்காணிப்பில்தான் கழிய வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேள். 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

முன்பெல்லாம் மாலை போட்டால் மண்டலம் முழுக்கத் தொடமாட்டாரே, மனது வைத்தால் முடியாதா என்று கேட்டிருக்கிறாய். நிறுத்துவது அவருக்குத் தெரியும், கமலா. மலையிறங்கி மாலையைக் கழற்றிய இரவில் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. குடிநோயாளிகள் தங்களுக்குள் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டங்கள் அந்த இரவுக்கானவை.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பது முழுப்பெயர். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் என்ற பங்குத் தரகரும் பாப் என்ற அறுவை மருத்துவரும் தொடங்கியது. வேலை விஷயமாக அங்கே போன பில்லின் காரியம் கெட்டது. விடுதியின் மதுக்கூடத்துக்குள் போய்விடுவோமோ என்று பயந்து, தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று தேவாலயங்களுக்குத் தொலைபேசியில் அழைத்தார். அப்படிக் கிடைத்தவர்தான் பாப். இன்றும் நடப்பது அதுதான். சந்தா கிடையாது, கையெழுத்து கிடையாது. குடியை விடும் விருப்பம் மட்டும் போதும். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். குறுக்கே யாரும் புத்தி சொல்வதில்லை. நம் ஊரில் இது எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பார்!

கூட்டம் தேவாலய வளாகத்தில் என்றால் மதம் மாற்றுவார்களோ என்று உன் மாமியார் பயப்படலாம். இடம் மட்டும்தான் அவர்களுடையது; அமைப்புக்கு எந்த மதத்தோடும் தொடர்பில்லை. ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாக விவரம் இருக்கும். தமிழில் நடக்கும் கூட்டமா என்று கேட்டுக்கொள். 'திறந்த கூட்டம்' என்றால் நீயும் உடன் போகலாம். 'மூடிய கூட்டம்' குடிநோயாளிகளுக்கு மட்டும். முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறொன்றுக்குப் போகட்டும். எங்கள் வீட்டில் இவருக்கும் முதலில் போன இடம் ஒத்துவரவில்லை. ஒரே ஆள் மணிக்கணக்கில் பேசினாராம். ஆனால் போன் செய்து விசாரிப்பது அண்ணனாக இருக்க வேண்டும். நீ இழுத்துக்கொண்டு போனால் உனக்காக உட்கார்ந்துவிட்டு வருவார்.

உனக்கு வேறு கூட்டம் இருக்கிறது. பில்லின் மனைவி லோயிஸ் 1951இல் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து தொடங்கிய அல்-அனான், குடும்பத்தாருக்கானது. கணவர் குடியை விட்ட பிறகு, எப்போது பார்த்தாலும் கூட்டம் கூட்டம் என்று போகிறாரே என்ற எரிச்சலில் லோயிஸ் செருப்பைத் தூக்கி எறிந்தாராம். இதை முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவர் குடியை விட்டதும், டாஸ்மாக் வாசலில் போன மாலைகள் திரும்பி வரும் என்று நானும் காத்திருந்தேன். அவை கூட்டத்துக்குப் போயின. அந்தக் கோபத்தை அம்மாவிடம் சொல்ல முடியுமா? "குடிக்காமல் இருக்கிறாரே, இன்னும் என்னடி வேண்டும்?" என்பாள். அங்கே சொன்னேன், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பாட்டிலை ஒளித்து வைப்பது, அலுவலகத்துக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்வது, இவற்றையெல்லாம் நான் நிறுத்தியது அங்கே போன பிறகுதான்.

அண்ணன் வந்தாலும் வராவிட்டாலும் நீ போகலாம், கமலா. அவருடைய சம்மதத்துக்காகக் காத்திருக்காதே.

இங்கே இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. விஜயாவின் மகன் கல்யாணத்துக்கு ஆவணியில் வருவாய் அல்லவா? இரண்டு நாள் முன்னதாகவே வா. எங்கள் கூட்டம் வியாழக்கிழமை மாலையில். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பேச வேண்டிய கட்டாயம் இல்லை. டிக்கெட் எடுத்ததும் எழுது, இவர் ரயில் நிலையத்துக்கு வந்துவிடுவார்.

அன்புடன்,
உன் சரோஜா